முதலில் பரணில் ஏறுங்கள்: வீல்ட் பண்ணை வீட்டைப் படிக்கும் விதம்

தென்கிழக்கு இங்கிலாந்தில் கெண்ட், சசெக்ஸ், சர்ரே மாவட்டங்களுக்குக் குறுக்கே கிடக்கும் களிமண் பூமிக்கு வீல்ட் என்று பெயர். ஓக் மரம் மண்டிய நாடு. அங்கே ஒரு பண்ணை வீட்டை வாங்கப் போகிறவரும் சரி, பழுது பார்க்கப் போகிறவரும் சரி, முதலில் மயங்குவது முன்பக்கத்தில்தான். சிவப்புச் செங்கல், நடுவில் கதவு, இருபுறமும் எண்ணி வைத்தாற்போல் ஜன்னல்கள். விற்பனைத் தாளில் '1750 வாக்கில் கட்டியது' என்று போட்டிருக்கும். அந்தச் செங்கல் வேண்டுமானால் 1750ஆக இருக்கலாம். அதற்குப் பின்னால் நிற்கும் மரச்சட்டகம் செங்கல்லைவிட 300 வருஷம் மூத்ததாக இருப்பது இந்த வட்டாரத்தில் அபூர்வமே இல்லை.

வெளியில் நின்றபடியே சந்தேகப்பட இடம் கிடைக்கும். கூரை 50 பாகை அளவுக்குச் செங்குத்தாக இருக்கிறதா? புகைபோக்கி இரு கோடிச் சுவர்களிலும் இல்லாமல், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கோட்டைத் தூண் மாதிரி தடிமனாக எழும்புகிறதா? முன்கதவைத் திறந்ததும் மூன்று நான்கு அடியில் செங்கல் சுவர் மறிக்கிறதா? டேப் வைத்து அளந்தால் ஜன்னல் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே போதும், செங்கல்லை நம்பாதீர்கள்.

மூல வீடு எப்படி இருந்தது என்று மனசில் ஒரு படம் இல்லாமல் உள்ளே போனால் ஒன்றும் பிடிபடாது. வழக்கமான வீடு நான்கு அங்கணம். அங்கணம் என்றால் இரண்டு ஜோடித் தூண்களுக்கு இடைப்பட்ட இடம். நடு இரண்டும் சேர்ந்தது கூடம். கூடத்துக்கு மேல் மாடி கிடையாது, தரையிலிருந்து முகடு வரை ஒரே வெளி. அடுப்பு தரையின் நடுவில். புகைபோக்கி என்று ஒன்று இல்லை. புகை மேலே எழும்பிக் கூரை இடுக்குகளில் தானாகக் கசிந்து போகும். ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை, மரக் கம்பிகளும் உள்பக்கம் இழுத்து மூடும் பலகையும்தான். கூடத்தின் ஒரு கோடியில் எதிரெதிராக இரண்டு வாசல்; இடையில் நம் ரேழி மாதிரி ஒரு குறுக்கு நடை. அதைத் தாண்டினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிற்றறை: ஒன்று பீர் பீப்பாய்களுக்கு, மற்றது ரொட்டிக்கும் உணவுப் பண்டங்களுக்கும். மறு கோடியில் வீட்டுக்காரரின் தனியறை, அதன் மேல் படுக்கையறை. இரு கோடி மாடிகளும் முன்னால் துருத்தி நிற்க, கூடம் மட்டும் உள்வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கூரை மூடினால் அதுதான் 'வீல்டன் வீடு'.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்தில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே நிற்கும் பேலீஃப் என்ற பண்ணை வீடு, முதலில் கெண்டில் சிடிங்ஸ்டோன் ஊரில் இருந்தது. பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக இடம் எடுத்தபோது கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தினார்கள். மரத்தின் வளையங்களை வைத்து அதை வெட்டிய காலத்தைக் கண்டுபிடிக்கும் மர வளையக் கணக்கில் அதன் கூடமும் சிற்றறைகளும் 1405-30, தனியறை அங்கணமோ 1505-10. 'அச்சு அசலான வீல்டன்' என்று எல்லோரும் காட்டும் வீட்டுக்கே அந்த முழு வடிவம் நூறு வருஷம் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது. மாற்றப்படாத பண்ணை வீடு என்று ஒன்றைத் தேடுவது வீண் வேலை. எது முதலில், எது பிறகு என்ற வரிசையைத் தேடுங்கள்.

அந்த வரிசை பரணில்தான் அழியாமல் இருக்கும். கீழ் அறைகளுக்குப் பூச்சும் காகிதமும் பெயிண்டும் தலைமுறைக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தன. பரணை யாரும் அழகுபடுத்தவில்லை. நல்ல டார்ச், தூசுக்கு முகமூடி, மிதிக்க ஒரு பலகை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைகளின் மேல் மட்டும் பலகையைப் போட்டு நடக்க வேண்டும். இடையில் கால் வைத்தால் வரிச்சுப் பூச்சு உடைந்து கால் கீழ் அறையில் தொங்கும்.

முதலில் கைமரங்களைப் பாருங்கள். கூடத்துக்கு நேர் மேலே உள்ளவை கரியாக இருந்தால், நூறு நூற்றைம்பது வருஷம் திறந்த அடுப்பின் புகை தின்ற மரம் அது. இந்தக் கரி பூசிய சாயம் போல் சீராக இருக்காது. மேலே முகட்டுப் பக்கம் கெட்டியாகத் தார் போல மினுங்கும், கீழே வர வர மங்கும். இரண்டு மரம் சேரும் மூட்டுக்குள் புகை புகாத இடத்தில் மரம் வெளுப்பாகவே இருக்கும். அடுத்து, கரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தடுப்பின் ஒரு முகம் கறுப்பு, மறு முகம் சுத்தம் என்றால் கூடம் அங்கே முடிந்தது. எல்லாம் இலேசாகப் புகைந்திருக்க, அஞ்சாறு அடி அகலத்தில் ஒரு குறுகிய பகுதி மட்டும் அட்டைக் கறுப்பாக இருந்தால், அடுப்பைக் கூடத்து நடுவிலிருந்து ஒரு ஓரத்துக்குத் தள்ளி, புகைக்கென்று தனி அங்கணம் அடைத்த காலம் ஒன்று இடையில் இருந்திருக்கிறது. கறுப்புக் கைமரமும் வெளுத்த கைமரமும் தாறுமாறாகக் கலந்து கிடந்தால் கூரையைப் பிரித்து அதே மரத்தால் மறுபடி போட்டிருக்கிறார்கள். இந்தக் கரியைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். மென்மையான உலர் தூரிகையால் ஒட்டடையை எடுத்தால் போதும்.

விட்டத்தின் நடுவில் குட்டையாக ஒரு தூண் நின்று, நாலு பக்கமும் வளைந்த கைகளை நீட்டி, கூரை நெடுகிலும் ஓடும் ஒரு சட்டத்தைத் தாங்கினால் அதற்குக் கிரவுன் போஸ்ட் என்று பெயர். 1500களின் முற்பாதியோடு அந்த வழக்கம் போய்விட்டது. கைமர ஜோடிகள் உச்சியில் ஒன்றையொன்று கவ்வி மர முளை அடித்திருக்கும். முகட்டுப் பலகை கிடையாது. முகட்டில் பலகை இருந்து, அதில் வளைவு வளைவாக ரம்பத் தடமும் இருந்தால் அது வட்ட ரம்பம், 1800களின் வேலை. கோடாலி கொத்திய குழிவும், குழியில் நின்று அறுத்தவர்களின் ஒழுங்கில்லாத நேர்க்கோட்டுத் தடமும் அதற்கு முந்தையவை.

மூட்டுகளுக்குப் பக்கத்தில் உளியால் கீறிய ரோமன் எண்கள் இருக்கும். தச்சர்கள் சட்டகத்தைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண்ணிட்டு, பிரித்து, மனையில் மறுபடி நிறுத்துவார்கள். நாலு என்பதை IIII என்றே கீறினார்கள். II, III, V என்று எண் தாண்டினால் ஒரு மரம் காணாமல் போயிருக்கிறது. எல்லா எண்ணும் ஒழுங்காக இருக்க, ஒரு அங்கணத்தில் மட்டும் வரிசை புதிதாகத் தொடங்கினால் அது பிற்பாடு சேர்த்தது. காலியாக நிற்கும் துளைகளும் முளை ஓட்டைகளும் இதே கதையைத்தான் சொல்லும்: அங்கே ஒரு கழுந்து, அதாவது துளைக்குள் புகும் மர நாக்கு, இருந்தது, இப்போது இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஓக் கட்டையை யாரும் வீணாக்கவில்லை. பொருளில்லாமல் காலித் துளைகள் இருக்கும் கட்டை வேறு கட்டடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். 'பழைய கப்பல் மரம்' என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது பழைய களஞ்சிய மரம்தான்.

மர வளையக் கணக்கு எடுக்க விரும்பினால், குறைந்தது 50 வளையமாவது உள்ள கட்டைகள் வேண்டும். பட்டைக்கு அடுத்த கடைசி வளையம் எங்காவது மிஞ்சியிருக்கவும் வேண்டும். அது இருந்தால் வெட்டிய வருஷமே கிடைக்கும். பட்டையோரம் செதுக்கப்பட்டிருந்தால் வருஷத்துக்குப் பதில் ஒரு கால இடைவெளிதான் வரும். அன்றைய தச்சர்கள் ஓக்கைப் பச்சையாகவே வேலைக்கு எடுத்தார்கள் என்பதால், வெட்டியதற்கும் கட்டியதற்கும் இடையில் ஒன்றிரண்டு வருஷம்தான். வீட்டை மணல் வீசிச் சுத்தம் செய்தவர்கள் முதலில் இழப்பது இந்தப் பட்டையோரத்தை. கூடவே எண்கள், கோடாலித் தடம், கரி எல்லாமே போய்விடும்.

பெரிய மாற்றம் 1500களிலும் 1600களிலும் வந்தது. 1570-1640 காலத்தை 'கிராமப்புற இங்கிலாந்து திரும்பக் கட்டப்பட்ட காலம்' என்று வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதினார். நாடு முழுக்க அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. வீல்ட் பக்கம் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நடந்தது இதுதான்: கூடத்தில் செங்கல் புகைபோக்கியை எழுப்பினார்கள், புகை போன பிறகு மேலே வெளி வேண்டியதில்லை என்று இடையில் மாடி போட்டார்கள். புகைபோக்கியைக் குறுக்கு நடையிலேயே எழுப்பிய வீடுகளில்தான் முன்கதவைத் திறந்ததும் செங்கல் சுவர் மறிக்கும். அதன் மறுபக்கத்தில் கிடைத்த பொந்தில் சுழல் படிக்கட்டைத் திணித்தார்கள்.

புதிதாகப் போட்ட மாடியின் உத்தரத்தைத் தடவிப் பாருங்கள். விளிம்பைச் சரிவாகச் சீவி, சுவரை நெருங்கும்போது நாக்கு வடிவில் வளைத்து முடித்திருந்தால் பெரும்பாலும் 1500களின் கடைசிக்குப் பிறகு. சீவல் ஒரு முனையில் அழகாக முடிந்து, மறு முனையில் சுவருக்குள் மறைந்துபோனால், அந்தச் சுவர் பின்னால் வந்தது. குறுக்குக் கட்டைகளின் அகலப் பக்கம் படுத்திருந்தால் பழைய வேலை, ஒடுங்கிய பக்கம் நிமிர்ந்திருந்தால் பிந்தியது. செங்கல் கனம் 2 முதல் 2¼ அங்குலம் என்றால் பழையது. 2½ அங்குலத்துக்கு மேல் போனால் 1700களும் பிறகும்.

இந்த மாடி போட்ட வேலையில்தான் இன்றைக்கும் தலைவலியாக இருக்கும் ஒரு தவறு நடந்தது. கூடத்தின் குறுக்கே, சுவரின் மேல்சட்ட உயரத்தில், இரு சுவர்களையும் இழுத்துக் கட்டும் விட்டம் ஒன்று உண்டு. மாடி வந்ததும் அது மேல் அறையில் நெஞ்சு உயரத்தில் குறுக்கே நின்றது. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வாசல் வேண்டும் என்று நடுவில் அறுத்துவிட்டார்கள். விட்டம் போனதும் கூரை தன் பாரத்தால் சுவர்களை வெளியே தள்ளத் தொடங்கும். மேல் மாடி வாசலின் இருபுறமும் அறுபட்ட கட்டையின் முகம் தெரிகிறதா, கழுந்தின் தோள் தூணிலிருந்து விலகி இடைவெளி விட்டிருக்கிறதா, மர முளை வளைந்திருக்கிறதா, மேல்சட்டம் வெளிப்பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுதுக்கு வழி, கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தரும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையோ கம்பியோ வாசலைச் சுற்றி இழுத்துக் கட்டுவது. சாய்ந்ததை ஜாக்கி வைத்து நிமிர்த்தலாம் என்ற ஆசை வேண்டாம். ஓக் காய்ந்து அந்தக் கோணலிலேயே இறுகிவிட்டது. ஒரு மூட்டை நிமிர்த்தினால் பத்து மூட்டு விரியும். கோணலை நிறுத்திவைப்பதுதான் வேலை.

இன்னொன்று, அடுப்புக்கு மேல் கிடக்கும் பெரிய உத்தரமும் மாடி உத்தரத்தின் முனையும் புகைபோக்கிச் செங்கல்லுக்குள் புதைந்திருக்கும். பழைய அடுப்பில் பாதிச் சூடு அறைக்கும் வானத்துக்குமாகப் போனது. இன்றைய மூடிய விறகு அடுப்பு குழாயைக் கடுமையாகச் சூடாக்குகிறது. சாந்து உதிர்ந்த ஒரு மூட்டு வழியாக அந்தச் சூடு மர முனையைத் தொட்டால் தீ. அடுப்பு வைக்கும் முன் குழாயின் உள்ளே கேமரா இறக்கிப் பார்க்காதவர் பெரிய துணிச்சல்காரர். பயன்படாத குழாயை மூடுவதாக இருந்தால் மேலும் கீழும் காற்றுத் துளை விட வேண்டும், இல்லையேல் உள்ளே ஈரம் ஊறிக் கரிக்கறை சுவரில் பழுப்பாக வழியும்.

ஜன்னல்களைப் பற்றி ஊர்க்கதைகள் அதிகம். அடைத்த ஜன்னலைக் கண்டால் 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரியின் மேல் பழி போடுவார்கள். பல 'ஜன்னல்கள்' முதல் நாளிலிருந்தே அடைப்புதான். புகைபோக்கி இருக்கும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது, முன்பக்கச் சமச்சீர் கெடக் கூடாதென்று பொய் ஜன்னல் வைத்தார்கள். பால் அறைக்கும் பாலாடைக்கட்டி அறைக்கும் வரிவிலக்கு உண்டு, பெயரை எழுதிவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி எழுதிய வாசல்கள் இன்றும் சில பண்ணைகளில் மிஞ்சியிருக்கின்றன. கண்ணாடி இல்லாத மூல ஜன்னலைக் கண்டுபிடிக்க, மேல்சட்டத்தின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். வைர வடிவில் வரிசையாகச் சிறு குழிகள் தட்டுப்பட்டால் மரக் கம்பிகள் நின்ற இடம் அது. பக்கத்திலேயே நீளமாக ஒரு காடி இருந்தால் பலகை ஓடிய தடம். மேலும் கீழும் இழுக்கும் ஜன்னலில் கண்ணாடிகளுக்கு இடையிலான சட்டம் ஒன்றரை அங்குலம் தடித்திருந்தால் 1700களின் தொடக்கம். மெலிய மெலிய காலம் பின்னால் வருகிறது.

முன்பக்கச் செங்கல் பல வீடுகளில் நாலரை அங்குலத் தோல் மட்டுமே. மாடி துருத்தி நின்ற வீட்டில், துருத்தலுக்கு நேர் கீழே செங்கல்லை எழுப்பி முகத்தைத் தட்டையாக்கிவிடுவார்கள். கீழறைக் கூரையின் கட்டைகள் பழைய சுவரைத் தாண்டி ஓடிச் செங்கல்லில் முட்டினால் இதுதான் நடந்திருக்கிறது. தோலைச் சட்டகத்தோடு பிணைத்தது போதாமல் போனால் செங்கல் வயிறு தள்ளும். சசெக்ஸில் செங்கல் போலவே தோன்றும் ஒருவகை ஓடும் உண்டு, லூயிஸ் நகரில் நிறையப் பார்க்கலாம். தட்டினால் உள்ளே வெற்றொலி கேட்கும். ஜன்னல் ஓரத்திலும் சுவர் மூலையிலும் வேஷம் கலையும். 1784 செங்கல் வரியிலிருந்து தப்பத்தான் இந்த ஓடு என்பார்கள். அதே சட்டம் ஓட்டுக்கும் வரி போட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தனை நூற்றாண்டுக் கைவேலையையும் தாங்கிய சட்டகத்தைக் கடைசி 70, 80 வருஷத்துச் சிமெண்ட் கொல்கிறது. ஓக் சட்டகம் பருவத்துக்குப் பருவம் அசையும். சட்டங்களுக்கு இடையில் இருப்பது ஓக் முளைகளில் ஹேசல் குச்சிகளைப் பின்னிய வரிச்சு. மேலே களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச் சாணம் குழைத்த அப்பல். அதன் மேல் சுண்ணாம்பு. எல்லாம் ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்ட் பூச்சு அசையாது. மரத்தோடு சேரும் விளிம்பில் மயிரிழை விரிசல் விடும், அதில் மழை நுழையும், வெளியே வர வழியில்லாமல் கீழே இறங்கி, தூண்கள் நிற்கும் அடிச்சட்டத்தில் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். அடிச்சட்டத்தில் திருப்புளியைக் குத்தினால் கைப்பிடி வரை இறங்கும்.

ஆனால் குத்திப் பார்ப்பதிலும் நிதானம் வேண்டும். வெளியே ஒரு சென்டிமீட்டர் பொடிந்து, உள்ளே வைரம் இரும்பாக நிற்பது சாதாரணம். அந்தக் கட்டையை மாற்றத் தேவையில்லை. 3 மில்லிமீட்டர் வட்ட ஓட்டைகள் என்றால் டெத்வாட்ச் வண்டு. ஈரமும் பூஞ்சையும் உள்ள ஓக்கில்தான் அது செழிக்கும். ஓட்டை பழையதா புதியதா என்பதற்குக் கீழே காகிதம் விரித்துவைத்து, வசந்த காலத்தில் புதுத் தூள் விழுகிறதா என்று பாருங்கள். மருந்து தெளிப்பதைவிட ஈரத்தை நிறுத்துவது பலன் தரும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அழுகல் வராது. சுவரில் முள் குத்திப் பார்க்கும் ஈரமானியை நம்பி ரசாயன ஊசி போடச் சொல்பவர்களிடம் ஜாக்கிரதை. பழைய சுவரின் உப்பையும் அந்தக் கருவி ஈரம் என்றே காட்டும்.

வேலையின் வரிசை தவறினால் பணம் இரண்டு முறை செலவாகும். முதலில் மழைநீர்க் காடிகள், குழாய்கள். அடுத்து வெளித்தரை: நூற்றாண்டுக் கணக்கில் குப்பையும் மண்ணும் பாவுகல்லும் சேர்ந்து தரை அடிச்சட்டம் வரை ஏறியிருக்கும், அதைச் சட்டத்துக்குக் கீழே குறைந்தது 150 மில்லிமீட்டர் இறக்க வேண்டும். பிறகு சிமெண்ட்டைச் சுத்தியல், உளி வைத்துக் கையால் எடுக்க வேண்டும். மின்சார உடைப்பான் வேண்டாம். அதிர்ச்சியில் அப்பல் முழுக்கக் கழன்றுவிடும். ஓரிடத்தில் ஓரடி எடுத்துப் பார்த்து, சிமெண்ட்டோடு அப்பலும் பிய்ந்து வந்தால் நிறுத்திவிட்டு யோசியுங்கள். அதன் பின் காயவிட வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது வேலைக்காரர் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் முக்கால் வருஷம். பெரும்பாலான வீட்டுக்காரர்களின் பொறுமை இங்கேதான் போய்விடுகிறது.

அடிச்சட்டத்தைத் துண்டு துண்டாகத்தான் மாற்ற வேண்டும். மேலே முட்டுக் கொடுத்து, ஒரு துண்டை முடித்து இறுகியபின் அடுத்தது. புதுக் கட்டையும் ஓக்தான், போல்ட் துருப்பிடிக்காத எஃகு. சாதா இரும்பை ஓக்கின் புளிப்பு அரித்துவிடும். பூச்சுக்கு ஒரு பங்கு நன்கு ஊறிய சுண்ணாம்புக் களி, மூன்று பங்கு கூர்மணல், உள்பூச்சில் ஆட்டு முடி. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெடிக்கும். 5 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர் போகும் காலத்தில் தொடவே வேண்டாம். காற்றும் வெயிலும் வேகமாக உலர்த்தாமல் ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும். அதன் மேல் பால் போல நீர்த்த வெள்ளை நாலைந்து மெல்லிய கோட்; பிளாஸ்டிக் பெயிண்ட் பூசினால் சிமெண்ட் எடுத்த வேலை வீண்.

தரையும் இதே கணக்குதான். கிழக்கு சசெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன் ஊரின் பாதிரியார் வீடு, 1896இல் பழங்கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 10 பவுண்டுக்கு வாங்கிய அதன் முதல் கட்டடம், வீல்டன் வகைதான். அதன் கூடத்துத் தரை சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பிப் புளித்த பாலால் இறுக்கியது. அப்படிப்பட்ட தரையைத் தோண்டிப் பிளாஸ்டிக் விரிப்பும் கான்கிரீட்டும் போட்டால், தரை வழியாக ஆவியான ஈரம் சுவர்களைத் தேடிப் போகும். 'தரை போட்ட மறுவருஷம் சுவர் ஈரமாகிவிட்டது' என்ற புகாருக்குக் காரணம் பல சமயம் இதுதான்.

எதைத் தொடும் முன்பும் அனுமதி. 1700க்கு முன் கட்டி, ஓரளவு மூல நிலையில் மிஞ்சிய வீடுகள் கிட்டத்தட்ட எல்லாமே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். பட்டியல் வெளிமுகத்தை மட்டும் குறிப்பதல்ல, உட்புறமும், 1948 ஜூலை 1க்கு முந்தைய தொழுவமும் களஞ்சியமும் அதில் சேர்த்தி. அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம். மாற்றியதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கக் காலக்கெடு இல்லை. பழைய சொந்தக்காரர் செய்த கோளாறுக்கும் இப்போதைய சொந்தக்காரர் பெயரில் நோட்டீஸ் வரலாம். ஆகவே வாங்கும் முன் ஒவ்வொரு புது ஜன்னலுக்கும் அனுமதித் தாளைக் கேட்டு வாங்குங்கள். பரணில் வௌவால் எச்சம் கண்டால் நிபுணர் பார்க்கும்வரை வேலையை நிறுத்த வேண்டும், அதற்குத் தனிச் சட்டம்.

புகைபோக்கியைப் பழுது பார்க்கும்போது செங்கல் விளிம்பில், அடுப்பு உத்தரத்துக்குப் பின்னால், ஒற்றைச் செருப்பு ஒன்று அகப்படலாம். தேய்ந்தது, பல சமயம் குழந்தையுடையது. தீயது எதுவும் புகைக்குழாய் வழியாக இறங்கக் கூடாதென்று வைத்தார்கள் என்பது பொதுவான விளக்கம். நார்தாம்டன் அருங்காட்சியகம் இப்படிக் கிடைத்த செருப்புகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. தூசு தட்டாமல் அது கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள், எந்தக் கல் வரிசையில், எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்று குறித்து அவர்களுக்கு எழுதுங்கள். கொத்தனார் அந்த இடத்தை மூடும் நாளில் செருப்பை அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.